பீடியை விட்ட மனுஷன்

“பீடியை விட்ட ஆள் ஒருத்தர்கூடவா இந்த ஊர்ல இல்ல?”

நார்வேயிலிருந்து வந்திருந்த டாக்டர் இங்கிரிட் இங்கிலீஷில் கேட்டார். அது எண்பத்தாறாம் வருஷம். புகையிலைப் பழக்கத்தை எப்படிக் குறைக்கலாம் என்று ஊர் ஊராகத் தகவல் சேகரித்துக்கொண்டிருந்தார். கடத்தூரில் அவருக்குத் துணை ஹெல்த் இன்ஸ்பெக்டர் சவுரியப்பன்.

காலையிலிருந்து அலைந்ததில் பீடி குடிக்கிறவர்கள்தான் கிடைத்தார்கள். “நான் விட்டுட்டேங்க” என்று ஓடிவந்த காளியப்பனின் காதிலேயே ஒரு பீடி செருகியிருந்தது! சாயங்காலம் பொம்மிடியில் டாக்டருக்கு ரயில். வெறுங்கையோடு போக வேண்டியதுதானா?

“ஒருத்தர் இருக்கார் மேடம். பெரியண்ணன்னு பேரு. விவசாயி. ஆள்தான் கொஞ்சம் முசுடு.”

பெரியண்ணன் தோட்டத்தில் இருந்தார். வந்தவர்களைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

“எப்படி விட்டீங்க? மருந்து சாப்பிட்டா? டாக்டர் அட்வைஸா?” டாக்டர் கேட்டதைச் சவுரியப்பன் தமிழில் கேட்டார்.

“அட்வைஸா! அதெல்லாம் வண்டி வண்டியா கேட்டாச்சுங்க. தருமபுரியில நெஞ்சைப் படம் புடிச்சுப் பாத்துட்டு, ‘இனிமே பீடி குடிச்சா நீ அவ்வளவுதான்’னு டாக்டரே சொன்னாரு. வெளியே வந்து அந்தக் கவலையிலயே ஒன்னு பத்தவெச்சேன்.”

“அப்புறம்?”

“ரோஷத்துல விட்டேங்க.”

அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று சவுரியப்பன் தலையைச் சொறிந்தார். அதற்குள் பெரியண்ணனே சூடாகிவிட்டார்.

“கடைவீதியில பீடிக்கடை வெச்சிருக்கானே மஸ்தான், அவனும் நானும் டவுசர் போட்ட காலத்துலேர்ந்து ஒன்னா சுத்தினவங்க. கடைக்குப் போனா அவனே ஒரு பீடிய எடுத்து நீட்டுவான். ஒரு சந்தை நாளு, அத்தனை சனம் பாக்க, ‘ஓசிப் பீடிக்குன்னே தெனமும் வந்து குந்தறியே, வெக்கமா இல்ல உனக்கு?’ன்னு கேட்டுட்டான்! யாரைப் பாத்து? ஊருக்கே சோறு போடற என்னைப் பாத்து! ‘இனிமே பீடியத் தொட்டா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலடா’ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுகிட்டு வந்துட்டேன். பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அவனைக் கூப்பிடலை.”

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. “கூடவே வளர்ந்த சிநேகிதரை இப்படியா அவமானப்படுத்துவது? அந்தக் கடைக்காரரை நான் பார்க்க வேண்டும்” என்றார்.

மஸ்தான் கடை வாசலில், பீடி பற்றவைக்க வைத்திருக்கும் நெருப்புக் கயிறு புகைந்துகொண்டிருந்தது. பெரியண்ணன் பேரை எடுத்ததுமே மஸ்தான் முகம் சுருங்கியது.

“ஆமா, சொன்னேன். இப்ப அதுக்கு என்னாங்க?”

“என்ன பாய் இப்படிப் பேசறீங்க?” என்றார் சவுரியப்பன். “ஒரு துண்டு பீடிக்காக அந்த மனுஷனை நடுத்தெருவுல வெச்சு அசிங்கப்படுத்திட்டீங்களே. நல்லாவா இருக்கு?”

மஸ்தான், தீப்பெட்டி வாங்க வந்தவர் போகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சார், இது உங்களோட இருக்கட்டும். அவன் சம்சாரம் தீர்த்தம்மா தருமபுரியில எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேவைத் தூக்கிட்டு வந்து, ‘அண்ணே, நீங்கதான் அவரைக் காப்பாத்தணும்’னு இதே எடத்துல நின்னு அழுதுச்சு. நான் குடுக்கலைன்னா பக்கத்துக் கடையில வாங்குவான். புத்தி சொன்னா சிரிப்பான். ஆனா, அவன் ரோஷம் எனக்குத் தெரியும். சந்தையில நாலு பேரு முன்னால சொன்னாத்தான் வேலைக்காவும்னு மனசைக் கல்லாக்கிட்டு சொன்னேன். சொல்லிட்டு உள்ள போயி உக்காந்து அழுதேன் சார்.”

சவுரியப்பன் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதை இப்போதே போய் அவரிடம் சொல்லலாமே! இருவரும் சேர்ந்துவிடுவார்கள்.”

“ஐயோ, வேணாம்மா!” மஸ்தான் கையெடுத்துக் கும்பிட்டார். “அவன் கோவம் போச்சுன்னா வைராக்கியமும் போயிடும். மறுபடியும் பீடிய எடுத்துடுவான். என்னைத் திட்டிகிட்டே உசுரோட இருக்கட்டும், எனக்கு அது போதும்.”

“ஆனால் மற்றவர்களுக்கு மட்டும் விற்கிறீர்களே?”

மஸ்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

“பொழப்பும்மா. எல்லாரோடயும் சண்டை போட எனக்குத் தெம்பில்ல.”

டாக்டரும் சவுரியப்பனும் பஸ் ஏற வந்தபோது, டாக்டரம்மாவுக்குக் கொடுக்க ஒரு பை மாம்பழத்தோடு பெரியண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“அவன் கடைக்குப் போனீங்களாமே? என்னா சொல்றான்?”

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று சவுரியப்பனுக்கு நாக்கு துடித்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார்.

“வேறென்ன, உங்களைக் கண்டபடி திட்டறார்.”

பெரியண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது.

“மறைக்காதீங்க சார். பொண்ணு கல்யாணம் முடிஞ்சதுமே என் வூட்டுக்காரி மனசு தாங்காம அத்தனையும் சொல்லிட்டா.”

சவுரியப்பன் ஆடிப்போனார். “அப்புறம் ஏன் இன்னும் போய்ப் பேசாம இருக்கீங்க?”

“பேசினா அவனுக்குத் தூக்கம் போயிடுங்க. ‘இவன் கோவம் தீந்துடுச்சே, மறுபடியும் பீடி குடிச்சுடுவானோ’ன்னு தவிச்சுப் போயிடுவான். அதான், அவன் கடையைத் தாண்டறப்பல்லாம் காறித் துப்பிட்டுப் போறேன். அதைப் பாத்தாத்தான் சார் அவனுக்கு நிம்மதி!”