ஓனோவுக்கு விழுந்த மைனஸ்

"இந்தத் தடவை நீ உள்ளே வந்த மாதிரிதான்டா!" என்று ஓனோவின் முதுகில் தட்டினான் ராய்னர்.

ஓனோவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிரேமன் நகரில் பஸ் ஓட்டுகிறவன். கணினிச் சங்கத்தில் சேர இது மூன்றாவது முயற்சி. உறுப்பினர்கள் எல்லாரும் பிளஸ் ஒன்று போட வேண்டும். ஒரே ஒரு மைனஸ் விழுந்தாலும் போச்சு. இரண்டு தடவையும் யாரோ ஒரு புண்ணியவான் மைனஸ் போட்டிருந்தான்.

அந்தப் புண்ணியவான் சாட்சாத் ராய்னர்தான். அவன் எழுதிய நிரலில் எல்லார் முன்னாலும் ஓனோ பிழை கண்டுபிடித்துவிட்டான். அதை மறக்க ராய்னர் என்ன மகானா?

ஓட்டு மின்னஞ்சலில், செயலாளர் இம்கேவுக்கு மட்டும் போகும். யார் என்ன போட்டார்கள் என்று அவள் வாயே திறக்க மாட்டாள். இந்த வருஷம் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தாள். ஒரே வரி ஓட்டு, கீழே டிஜிட்டல் கையொப்பம்.

ஓட்டு எண்ணும் கூட்டத்தில் இம்கே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"பதினொண்ணு பிளஸ். ஒண்ணுல மட்டும்... இதென்னய்யா கூத்து? மைனஸ், மைனஸ் ஒண்ணுன்னு இருக்கே!"

ராய்னருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஒரு மைனஸ்தானே போட்டேன்?

சட்டென்று புரிந்தது. கையொப்பம் போடும்போது, மைனஸ் மாதிரிக் கோட்டில் தொடங்கும் வரிக்கு முன்னால் மென்பொருளே இன்னொரு கோட்டைச் சேர்த்துவிடும். இதுகூடத் தெரியாத செயலாளர்!

"மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்னுதான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க," என்றாள் இம்கே. "இல்லை, நான் மைனஸ்தான் போட்டேன்னு சொல்றவங்க கை தூக்குங்க. மாத்திடறேன்."

ஓனோ பதற்றத்தில் ராய்னரின் கையைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு கையும் எழவில்லை.

ஒரே கைதட்டல். ஓனோ கொண்டுவந்திருந்த வெண்ணெய் கேக்கில் முதல் துண்டு ராய்னருக்கு. "நீ தெம்பு கொடுக்கலேன்னா நான் மறுபடியும் கேட்டிருக்கவே மாட்டேன், ராய்னர்!"

ராய்னர் தட்டோடு மெல்ல இம்கேவிடம் போனான்.

"நான் பொதுவாச் சொல்றேன். கையொப்பம் போட்டா மென்பொருளே ஒரு கோடு சேர்க்கும். இதுகூடத் தெரியலேன்னா நாலு பேர் சிரிப்பாங்க."

"தெரியாம என்ன?" இம்கே அவன் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள். "அதுக்காகத்தானே ராய்னர், அந்த விதியையே கொண்டுவந்தேன்!"