மாசம் ரெண்டு நாள் பாத்தாம்

"மாசம் ஒரு தடவ, ரெண்டே நாளு. பாத்தாம்ல போன் வேலை செய்யணும். அவ்வளவுதாம்மா," என்றார் கனகராஜ்.

மலேசியாவில், ஸ்கூடாயில் போன் கடை வைத்திருக்கும் சாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அவருக்கு அறுபத்து நாலு வயது. மனைவி செல்லம் இறந்து இன்னும் வருடம்கூடத் திரும்பவில்லை. மகன் யுகேந்திரனோடும் மருமகளோடும் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். இந்த வயதில், தனியாக, கடல் தாண்டி இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்கு மாதா மாதமா?

"அதுக்கு ஏன் அங்கிள் புது சிம்? உங்க லைன்லயே ரோமிங் போட்டுக்கலாமே."

"அது ஃபேமிலி பிளான்மா. பில்லு யுகேந்திரன் பேர்ல வருது. அதுல இந்தோனேசியான்னு வந்துச்சுன்னா..."

மீதியை அவர் சொல்லவில்லை. சாந்தினியே நிரப்பிக்கொண்டாள்.

"அங்கேயே போயி ஒரு சிம் வாங்கிக்கலாம் அங்கிள். மலிவு."

"எறங்கி கடை தேடிக்கிட்டு இருக்க முடியாதும்மா. ஃபேரிய விட்டு எறங்குன உடனே கூப்பிடணும்."

யாரை என்று வாய் வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, ஒரு சிம்மை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்ப இந்த ப்ரீபெய்ட எடுங்க. ரீலோட் பண்ணாட்டியும் ஒரு வருஷத்துக்கு லைன் சாகாது. போறப்ப மட்டும் மூணு நாள் ரோமிங் பாஸ் போட்டுக்கலாம். ஒரு வருஷம் போதுமா? அதுக்கு மேலயும் போவீங்களா?"

"அது என் கையில இல்லம்மா," என்று சிரித்தார்.

ஐசி என்கிற அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று திரும்பினார். "வீட்ல தெரிய வேணாம்மா. இங்கேயே ஆயர் ஈத்தாம் ஊர்ல கூட்டாளி வீட்டுக்குப் போறதாத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"ஐயோ அங்கிள், நம்ம கடை விஷயம் வெளிய போகாது லா!"

அன்று சாயங்காலமே போனது. அவருடைய மருமகள் லோஷினி போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்திருந்தாள்.

"எனக்கென்ன வந்துச்சு, சொல்லக்கூடாதுதான்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள் சாந்தினி. "உனக்குத் தெரியாதா? ஆம்பளைங்க தனியா பாத்தாம் எதுக்குப் போவாங்க?"

லோஷினி முகம் வெளுத்துப்போய் நின்றாள். "அத்தை போயி பதினோரு மாசம்தாங்கா ஆகுது."

வெள்ளிக்கிழமை கோயிலில் தன் சிநேகிதிகள் மலரிடமும் ராஜம்மாவிடமும் விஷயத்தைச் சொன்ன சாந்தினி, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து அரைகுறையாகத்தான் செய்தி வந்தது. யுகேந்திரன் அப்பாவோடு பேசுவதில்லையாம். அவன் காரணம் சொல்லவில்லையாம், அவரும் கேட்கவில்லையாம். தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாராம்.

'என்னத்தக் கேப்பாரு? செய்யிற தப்பு அவருக்குத் தெரியாதா?' என்று சாந்தினி நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கடை திறந்ததும் லோஷினி வந்து நின்றாள்.

"அக்கா, மாமா எடுத்தாருல்ல, அதே பிளான் எனக்கும் வேணும்."

"பின்னாடியே போயிப் புடிக்கப் போறியா?"

"புடிச்சாச்சு. முந்தாநேத்து அதே ஃபேரியில தொப்பி போட்டுக்கிட்டுக் கடைசி சீட்ல உக்காந்து போனேன். எறங்குனதும் அவர் டாக்சி பின்னாலயே இன்னொரு டாக்சி."

சாந்தினி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பொம்பளைதானே?"

"ஆமா. நம்ம சுமியாத்தி."

"அலமாக்! உங்க வீட்ல வேலைக்கு இருந்தாளே, அத்தையப் பாத்துக்கிட்டு? அவளா?"

"அவதான். ஆறு வருஷம் எங்க அத்தைக்குப் பீ மூத்திரம் அள்ளுனவ."

"பாத்தியா! நான் அப்பவே நெனச்சேன்."

"வெளியவே ரொம்ப நேரம் நின்னுட்டு நான் உள்ள போறப்ப அவ பாய்ல அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிக்கிட்டு இருந்தாக்கா. பக்கத்து ரூம்ல அவ அம்மா. பக்கவாதம், எந்திரிக்க முடியாது. மாமா அந்தக் கெழவிக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தாரு."

சாந்தினி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"என்னைப் பாத்துட்டு அவர் பயப்படல. 'சத்தம் போடாதம்மா, மாசத்துல ரெண்டு நாளாச்சும் அந்தப் பொண்ணு தூங்கட்டும்'னாரு."

"நல்ல காரியம்தானே? அத எதுக்கு மறைக்கணும்?"

"நானும் அதான் கேட்டேன். 'வேலைக்காரி வீட்டுக்கு வேலை செய்யப் போறேன்னு சொல்லியிருந்தா, நீங்க விட்டிருப்பீங்களா'ன்னாரு."

சாந்தினி குனிந்து சிம் டப்பாவைக் கிளறினாள். தேடிய சிம் மேலேயே இருந்தும் நிமிரக் கொஞ்ச நேரமானது.

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"நேத்து சொன்னேன். ராத்திரி அவரே போயி மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டாரு."

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே. உனக்கு எதுக்கு இப்ப இந்த பிளான்?"

லோஷினி ஐசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மாமா ஆம்பளை. கஞ்சி ஊட்டலாம், மருந்து குடுக்கலாம். அந்தம்மாவக் குளிப்பாட்ட ஒரு பொம்பளை வேணும் இல்லையாக்கா?"