காய்ந்ததும் கிளம்புகிறேன்

"காஞ்சிடுச்சா?"

பெட்டியைப் பட்டறை வாசலில் வைத்துவிட்டு மனைவி கேட்டாள். மூன்று நாளில் இது எட்டாவது தடவை. போகிறவள் இப்படியா காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

தூண்டில் கம்பு மோட்டாரில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. வளையங்களைக் கம்போடு சேர்த்துக் கட்டிய நூலின் மேல் பூசிய எபாக்சிப் பசை பளபளத்தது. விரலை வைத்துப் பார்த்தான். ஒட்டியது.

"இல்ல."

பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. பேச ஒன்றும் மிச்சம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். போன வாரம் அவள், "இந்த ஆர்டர் காஞ்சதும் நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். இனிமே வரமாட்டேன்" என்றாள். வாடிக்கையாளருக்குத் தலையாட்டுகிற மாதிரி அவன் "சரி" என்றான். வலிக்கும் என்று காத்திருந்தான். வலிக்கவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

அக்கா தினமும் போன் செய்து, பஸ் ஏறியாச்சா என்று கேட்டாள். காய்ந்ததும் கிளம்புகிறேன் என்று இவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பு கேட்டிருந்த பல் டாக்டர், பல்லில் அடைப்பது பத்து நிமிஷத்தில் இறுகுகிறதே, உங்களுக்கு மட்டும் மூன்று நாளா என்று கேலி செய்தார். மழை ஈரம் சார் என்று அவன் சமாளித்தான்.

பன்னிரண்டு வருஷமாக நூல் கட்டுவதும் பூசுவதும் அவன், எபாக்சி கலப்பது அவள். ஒரு பாட்டிலில் பசை, இன்னொன்றில் அதை இறுக வைக்கும் மருந்து. இரண்டையும் சிரிஞ்சில் சொட்டுப் பிசகாமல் சமமாக எடுப்பாள். அவள் கலந்து ஒரு கம்பு கூடக் கெட்டதில்லை.

"இது தேறாது" என்றான். "எல்லாத்தையும் சுரண்டிட்டு புதுசா நூல் கட்டணும். நாலு நாள் ஆகும். நீ எதுக்குக் காத்துக்கிட்டு? இன்னிக்கே கிளம்பு. கலக்கறத நான் பாத்துக்கறேன்."

அவள் கிளம்பவில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் அலமாரியைத் திறந்தான். இந்த ஆர்டருக்கென்றே வாங்கிய புது பாட்டில்கள் இரண்டும் அருகருகே இருந்தன. பசை கால்வாசி இறங்கியிருந்தது. மருந்து பாட்டிலின் சீல் பிரிக்கப்படவே இல்லை.

அந்த மூடியை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, அவள் கையில் கொடுத்தான்.

"இந்தத் தடவையும் நீயே கலக்கு."