ஆளுக்கேற்ற அளவு

"வயித்துப் புற்றுநோய்க்கு எல்லாருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவுன்னு கிடையாது. ஆளைப் பொறுத்துதான் குடுப்போம். அதான் ஒவ்வொரு தடவையும் கேக்கறேன். வாந்தி உண்டா?" என்றார் டாக்டரம்மா.

"அந்தப் பேச்சே கிடையாது!" என்று, நோயாளியான மனைவி வாய் திறக்கும் முன் முந்திக்கொண்டார் கணவர்.

"சாப்பாடு?"

"வஞ்சனையில்லாம உள்ள போகுது."

"விரல் மரத்துப்போகுதா?"

"சேச்சே!"

மருந்துச் சீட்டில் அளவைக் கூட்டி எழுதிய டாக்டரம்மா, ஒப்புதல் படிவத்தை மனைவியின் பக்கம் நகர்த்திப் பேனாவை நீட்டினார். அந்த அம்மாளின் விரல்களில் நிற்காமல் பேனா நழுவி விழுந்தது. டாக்டரம்மா எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. சீட்டைக் கிழித்துப் போட்டார்.

"சார், கொஞ்சம் வெளியே இருங்க."

"அவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது, டாக்டர்!"

"மூணு மாசமா உங்க உடம்புக்குப் பொருந்தற அளவைத்தான் இவங்களுக்குக் குடுத்திருக்கேன். இனிமே நோயாளியே சொல்லட்டும்."