மூன்றாம் ரேக்

வெந்நீர்த் தொட்டியிலிருந்து, சோதனைக் குழாய்கள் செருகிய மூன்றாம் ரேக்கைத் தூக்கியதும் எனக்குப் பகீரென்றது.

எல்லாக் குழாயும் வெளிறி இருக்க வேண்டும். இருந்தன, ஒன்றைத் தவிர. அது மட்டும் ரோஸ் நிறத்தில் நின்றது.

முதல் ரேக்கில் இருப்பது, மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து இன்னும் சிகிச்சை தொடங்காத பெண்களின் ரத்தம். இரண்டாவதில், அதே நோய்க்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ரத்தம் எடுக்கப் போனால், மாத்திரைச் சூட்டில் உள்ளே கொதிக்கிறது என்று ஃபேனுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்பவர்கள். மூன்றாவதில், நோயே இல்லாதவர்கள்.

உடம்புக்குள் ஆக்சிஜன் எவ்வளவு சேதம் செய்திருக்கிறது, மாத்திரை அதைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரிதான். ரத்தத்தோடு ரசாயனம் கலந்து கொதிக்க வைத்தால், சேதம் அதிகமாக அதிகமாக ரோஸ் ஏறும்.

நோயில்லாதவர்களைத் தேடி எங்கே அலைவது? அதனால் எங்கள் லேப் பெண்களே போன வாரம் ஆளுக்கொரு குழாய் ரத்தம் கொடுத்திருந்தோம். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தோம். யாருடையது எது என்று தெரியாமலிருக்க, பெயருக்குப் பதில் எண் ஒட்டியவர் ஏசி அக்கா.

ஏசி அக்காதான் எங்கள் லேப்பின் தலைவி. நாங்கள் ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடிக்க வேலை செய்துகொண்டிருப்போம். அவர் கையுறைப் பெட்டியின் மூடியைக் கிழித்து விசிறிக்கொண்டிருப்பார். அக்கா போன பிறவியில் பென்குயின் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இன்று காலை அவர் ஃபோன் பேச வெளியே போன சமயம் பார்த்து, ஏசியை அணைத்து, ரிமோட்டைச் சுட்டு என் டிராயரில் ஒளித்து வைத்துவிட்டேன். அறை ஒருவழியாக மனுஷர் இருக்கும்படி ஆனது.

ஒற்றைக் குழாயை வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது. தூக்கம் கெட்டாலும் சிவக்கும், சிகரெட் பிடித்தாலும் சிவக்கும், குழாயைச் சரியாகக் கழுவாவிட்டாலும் சிவக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

என் கைதான் சொதப்பியிருக்கும் என்று, மிச்சமிருந்ததை எடுத்து மறுபடி செய்தேன். அது கொதித்து முடிக்கும்வரை உட்கார முடியவில்லை. துடைத்த மேசையையே துடைத்தேன். ஜன்னல்வரை போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பினேன்.

மறுபடியும் ரோஸ்.

அது என்னுடையதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டு, கோட்டுக்குள் கையை விட்டு அழுத்திப் பார்த்தேன். இடப்பக்கம் ஏதோ உருண்டது. மறுபடி அழுத்தினால் காணோம். வலப்பக்கமும் அதே கதை. கட்டி தட்டுப்படுகிறதா, பயம் தட்டுப்படுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் மகளுக்கு இன்னும் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது என்பது சம்பந்தமே இல்லாமல் ஞாபகம் வந்தது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது மூன்றாம் ரேக்குக்கு முன்னால் ஏசி அக்கா நின்றிருந்தார். அவர் கழுத்திலும் நெற்றியிலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

ரோஸ் குழாயைப் பார்த்தார். ஈரம் சொட்டும் என் முகத்தைப் பார்த்தார். பொத்தான் மாற்றிப் போட்டிருந்த என் கோட்டைப் பார்த்தார்.

"உன்னோடது இல்லடி. கண்டதையும் நெனச்சுக்கிட்டுச் சாகாத."

அப்பாடா என்றிருந்தது. கால் தரையில் பதிந்தது. சிரிப்புகூட வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அப்ப யாரோடதுக்கா?"

அக்கா அந்தக் குழாயை மெல்ல உருவினார். இரண்டாம் ரேக்கில், மாத்திரைக்காரர்களின் வரிசையில், காலியாக இருந்த ஒரு துளையில் கொண்டுபோய்ச் செருகினார். அங்கிருந்த மற்றக் குழாய்களுக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

போன வாரம் எல்லோரும் கை நீட்டியபோது அவரும் நீட்டினார். நீட்டாமல் இருந்திருந்தால் யாராவது ஏனென்று கேட்டிருப்போம். அநேகமாக நான்தான் கேட்டிருப்பேன்.

என் அப்பாடாவை நினைக்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

அக்கா பெட்டியின் மூடியை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். இன்னொரு கையால் மேசைமேல் கிடந்த காகிதங்களை நகர்த்தி நகர்த்தி எதையோ தேடினார்.

நான் என் டிராயரைத் திறந்தேன்.