மூன்றாவது கைப்பிடி

பழைய துணி அலமாரியை அறுத்து இளம்பரிதி செய்த வீடியோ கேம் பெட்டியில் இரண்டு பேருக்குத்தான் கைப்பிடிகள் இருந்தன. திரையிலோ மூன்று வீரர்கள். மூன்றாமவன் சும்மா ஓரமாக நிற்பான். ஆனால் இளம்பரிதியும் மனைவி பொன்மணியும் ஒரே நேரத்தில் பொத்தான்களை அழுத்தினால், யாரும் தொடாமலே அந்த மூன்றாமவன் துள்ளிக் குதிப்பான்.

கோளாறு, பொத்தான்களைக் கேமோடு இணைக்கும் அடாப்டரில்தான். பழைய கீபோர்டைப் பிரித்து அவனே செய்தது. சேர்த்து அழுத்தினால் அழுத்தாததையும் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். மூன்று ஞாயிறு வயர்களோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, நான்காம் ஞாயிறு புது அடாப்டரை மாட்டினான். இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். மூன்றாமவன் அசையவில்லை.

“பாத்தியா, சரியாயிடுச்சு!” என்று ஸ்குருடிரைவரை ஆட்டிக் காட்டினான்.

“அவன் பாட்டுக்குக் குதிச்சிட்டு இருந்தான். உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“பழசையே மாட்டிடவா?”

“வேணாம். அவனுக்கும் ஒரு கைப்பிடி வைங்க.”

இளம்பரிதி தன் கைப்பிடிக்கு நேராக முன்பலகையில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். பொன்மணி பென்சிலை வாங்கி அதை அடித்துவிட்டு, இரண்டு ஜாண் கீழே வேறொரு வட்டம் போட்டாள்.

“இவ்வளவு கீழ யாருக்கு?” என்று கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தில் பரவிய வெட்கச் சிரிப்பைப் பார்த்ததும் ஸ்குருடிரைவரைக் கீழே போட்டான்.