கேட்டாலும் கேட்கும்

கடைசி அரை மாத்திரை.

இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். தேனில் குழைத்தாள். பத்து நாளாக இதே கசப்பு, இதே தேன்.

குழலி வாயைத் திறந்தாள். விழுங்கினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் படம் வரையப் போய்விட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சமர்த்து ஆகாது.

செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு காதிலும். ஆறேழு மாதமாகவே இருக்கலாமாம். சீட்டு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"ஸ்டீராய்டு எழுதியிருக்கேன். பத்து நாள் குடுத்துப் பாப்போம்மா. கேட்டாலும் கேக்கும்."

மருந்துக்கு நோய் கேட்பதைத்தான் அவர் சொன்னார். இவளோ, காது கேட்கும் என்று எடுத்துக்கொண்டாள். பெற்றவள் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

மாத்திரை பசியைக் கிளப்பிவிட்டது. கன்னம் உப்பியது.

"பாப்பா பூசுனாப்ல ஆயிட்டாளே, கண்ணு பட்டுரும்" என்று மாடிவீட்டு அக்கா நெட்டி முறித்தாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னம் யாருக்கு வேண்டும்?

அதுவும் அந்தக் கன்னம்.

கூப்பிட்டால் திரும்பாத திமிர் என்றுதானே அத்தனை மாதமும் நினைத்தாள். சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினாள். பிறகு பின்னாலேயே போய் நின்று, கையை ஓங்கி, ஓர் அறை.

ஓர் அறையா? பாவி, எத்தனை என்று அவளுக்கே தெரியாது.

இன்றும் பின்னால்தான் நின்றாள். குழலி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாசல் வெயில் சுவரில் விழுந்திருந்தது. தன் நிழல் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று இவள் கதவோரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

"குழலி."

பென்சில் நிற்கவில்லை.

"குழலிம்மா."

படத்திலிருந்த வீட்டுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தாள் பிள்ளை. ஒவ்வோர் ஓடாக.

குரல் உடைந்துவிட்டது. இனி கூப்பிடத் தெம்பில்லை. ஓங்கிக் கைதட்டிப் பார்த்துவிடலாம் என்று ஓரடி முன்னால் வந்து கையைத் தூக்கினாள்.

குழலி சட்டென்று திரும்பினாள்.

கேட்டுவிட்டது. தாயே, கேட்டுவிட்டது.

ஆனால் இவள் இன்னும் கையைத் தட்டவே இல்லை.

தூக்கிய கை சுவரில் கறுப்பாக நின்றது. அதற்குக் கீழே, இரண்டு உள்ளங்கைகளாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, குழலி காத்திருந்தாள்.